அடி விழுமுன் எழுந்து போனவர்

அல்வராதோ, வெராக்ரூஸ்
4 மார்ச் 2011

கொம்பாத்ரே பிலெமோனுக்கு,

நலமா என்று கேட்டு எழுதுகிற வழக்கமான நாலு வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்று என் பேத்தி வந்து சொன்னாள். முடி கொட்டியிருக்கிறதாம், வாய் குறையவில்லையாம்.

அந்த வாய் அவளிடம் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சித்லாலி ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து மெக்சிகோ நகரத்துக்கு வந்து, உங்கள் நடிகர்கள் இல்லத்து வாசலில் நின்றிருக்கிறாள். காப்பி கொடுத்தீர்கள், பிஸ்கட் கொடுத்தீர்கள். அவள் எழுதிக் கொண்டுவந்த படக்கதையை மட்டும் திருப்பிக் கையில் கொடுத்து, உங்கள் சினிமாப் பெயரைச் சொல்லி, "கிளவெலீத்தோ செத்துட்டான் கண்ணு, வேற ஆளப் பாரு" என்று அனுப்பிவிட்டீர்கள்.

அவளுடைய அம்மாவை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே ஏந்திக்கொண்டு நின்ற ஞானத்தகப்பன் நீங்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்குக் கொம்பாத்ரே, நான் உங்களுக்குக் கொமாத்ரே. அந்த உரிமையில் எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் ஜோக்கடித்துத் தப்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

கதை இதுதான். ஆற்றங்கரையில் ஒரு வீடு. அதில் இரண்டு கிழவர்கள். இளவயதிலிருந்து ஒன்றாக வாழ்கிறவர்கள், புருஷன் பெண்டாட்டி வாழ்கிற மாதிரி. ஒருவர் படுக்கையில் விழுகிறார். இன்னொருவர் சமைத்துப் போடுகிறார். அவ்வளவுதான். சமைக்கிற கிழவர் நீங்கள். வீடு என் வீடு, அடுப்பு என் அடுப்பு. கடைசியில் யாரும் உங்களைக் கன்னத்தில் அறைவதில்லை.

ஸ்டுடியோ கேன்டீனில் நான் எத்தனை வருஷம் சோறு போட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் படம் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன். சமையல்காரி கண்ணுக்கு ஒன்று பட்டது. கதாநாயகன் சாப்பிடுவான், வில்லன் கோழிக்காலைக் கடிப்பான், கல்லறை தோண்டுகிறவன்கூட ஒரு தோர்த்தியா ரொட்டியைச் சுருட்டித் தின்பான். உங்களை மட்டும் ஒரு படத்திலும் உட்காரவைத்துச் சாப்பாடு போடவில்லை. உங்களுக்கு வீடே கிடையாது. சலூனில் வருவீர்கள், நடன விடுதியில் வருவீர்கள், சிரிக்கவைப்பீர்கள், அடி வாங்குவீர்கள், போய்விடுவீர்கள். எங்கே போனீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

காலம் மாறிவிட்டது, கொம்பாத்ரே. போன வருஷம் சித்லாலியும் அவளுடைய ரெனாத்தாவும் என்னை வெராக்ரூஸ் நகரத்துக்கு ஒரு படத்துக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விரும்புகிற கதை. எனக்குத் தெரிந்து அந்த மாதிரிப் படத்தில் ஒருத்தி கட்டாயம் செத்துப்போவாள், இல்லாவிட்டால் கன்னியர் மடத்துக்குப் போவாள். நான் பேத்தி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எந்த பஸ் வந்து எவள் மேல் ஏறப் போகிறதோ என்று காத்துக்கொண்டிருந்தேன். பஸ் வரவேயில்லை. அவர்கள் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். அதை எங்கே வைப்பது என்று சண்டை போட்டார்கள். படம் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் ரெனாத்தா கேட்டாள், "பாட்டி, ஏன் அழுவுறீங்க?" ஃபிரிட்ஜுக்காக என்று சொன்னேன்.

என் பேத்தி எடுத்த குறும்படம் பிரேசில்வரை போய்ப் பரிசு வாங்கியது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நீங்கள் இல்லாமல் இந்தப் படத்தை எடுக்க மாட்டேன் என்கிறாள். பதில் போடுங்கள்.

எவுலாலியா

* * *

மெக்சிகோ நகரம்
19 மார்ச் 2011

என் மதிப்புக்குரிய கொமாத்ரே லாலா,

உங்கள் கடிதம் சாப்பாட்டு வேளையில் வந்தது. லிசாந்த்ரோ எதிரில் உட்கார்ந்திருந்தான். ஆமாம், அதே லிசாந்த்ரோதான். படத்துக்குப் படம் கடைசிக் காட்சியில் என்னை அறைந்த கதாநாயகன். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறான். எனக்கு உப்பு எட்டாவிட்டால் எடுத்துக் கொடுக்கிறான். வாழ்க்கைக்கு என்ன ஒரு நகைச்சுவை உணர்வு பாருங்கள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "போயேன்டா. ஆனா அடிக்க ஆள் வேணுமேன்னு கேட்டா என் பேரச் சொல்லு, இந்தக் கை இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் பேத்தியின் கதையை நான் படிக்காமல் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் கை கழுவப் போயிருந்தபோது முதல் பக்கத்தையும் நடுவில் ஒரு பக்கத்தையும் படித்தேன். நடுப்பக்கத்தில் கிழவன் கரண்டியை ஊதி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு மற்றவனுக்கு ஊட்டுகிறான். அதற்கு மேல் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால்தான் பிஸ்கட்.

கொமாத்ரே, என் தொழில் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எல்லாப் படத்திலும் எனக்கு ஒரு பூவின் பெயர். கிளவெலீத்தோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் அதுவே நிலைத்துவிட்டது. நான் நுழையும்போது புல்லாங்குழல் ஊதும். கையில் ரோஸ் கைக்குட்டை. இடுப்பு ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் போகும். வசனம் பேசவே வேண்டாம். இடது காலை எடுத்து வைத்தாலே கொட்டகை சிரிக்கும். அதற்காகத்தான் சம்பளம் கொடுத்தார்கள், நன்றாகவே கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெலிவிஷனில் இப்போதும் போடுகிறார்கள். இந்த இல்லத்தில் தரை துடைக்கிற பெண் பிறப்பதற்கு முன்னால் எடுத்த படம். என்னைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்புதான் வருகிறது. பாவம், நல்ல பெண், மன்னிப்பு வேறு கேட்கிறாள்.

என்னைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு வருத்தமில்லை. நான் பழகிக்கொண்டேன். ஆனால் உங்கள் பேத்தி என்னோடு இன்னொருவனையும் திரையில் வைக்கிறாள். அது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்செல்மோவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். விளக்குகளைத் தூக்கி மாட்டுகிற அன்செல்மோ, கையெல்லாம் தீக்காயம், வாயைத் திறந்தால் பேஸ்பால். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தோம். அக்கம்பக்கத்துக்கு அவன் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவன். அவனை அடக்கம் செய்த அன்று அவன் தங்கைமார் முன்னால் நின்றார்கள், நான் மூன்றாவது வரிசையில் குடும்ப நண்பனாக நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மேஜையில் தட்டு வைத்து, ஒரு கேள்வியும் கேட்காமல் போனவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு கட்டில்மேல் விழும். அன்செல்மோமேல் விழும். அவனை ஒருவரும் பார்த்துச் சிரித்ததில்லை, கொமாத்ரே. அதை மட்டும் நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

சித்லாலியிடம் என் முத்தங்களைச் சொல்லுங்கள். வேறு நல்ல நடிகர்கள் இருக்கிறார்கள்.

உங்கள்
பிலெமோன்

* * *

அல்வராதோ
11 ஏப்ரல் 2011

கொம்பாத்ரே,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஒரு தரம் கோபத்தோடு, ஒரு தரம் கோபமில்லாமல். யாரிடமும் காட்டவில்லை, சித்லாலியிடம்கூட. அவர் சம்மதிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் சரி பாட்டி என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். ரெனாத்தா பின்னாலேயே போனாள்.

நான் வாதம் பண்ணப் போவதில்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருமுனையில் எர்மீலோ என்று ஒரு ரொட்டிக்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஊர் வாய் உங்களுக்குத் தெரியும், நல்ல வார்த்தைக்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாத ஊர். எர்மீலோவை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? கிளவெலீத்தோ. வாலிபத்திலிருந்து அதுதான் பெயர். ரொட்டி வாங்கப் போகிறவர்கள்கூடச் சொல்வார்கள், கிளவெலீத்தோ கடையில் ஆறு ரொட்டி வாங்கிட்டு வா என்று.

புனித வெள்ளிக்கு ரொட்டி சொல்லிவைக்கப் போன இடத்தில், என் பேத்தி படம் எடுக்க நினைத்ததையும் நீங்கள் வரமாட்டேன் என்றதையும் சொன்னேன். அவர் மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல் மாவைப் பார்த்தே பேசினார்.

"நான் அவர் படம் எல்லாத்தையும் பார்த்திருக்கேன் லாலா. அவரு மொதல்ல வர்ற சீன் இருக்குல்ல, எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ஆனா எனக்குள்ள வேற ஒண்ணு ஓடும். இந்த நாட்டுல என்னைய மாதிரி இன்னொருத்தன் இருக்கான், சட்டையெல்லாம் நல்லாப் போட்டிருக்கான், பயப்படாம நடக்கிறான்னு. அப்புறம் அந்த அடி வரும்ல. அது வர்றது எனக்குத் தெரியும், பாட்டு முடிஞ்ச உடனே வரும். நான் அதுக்கு முன்னாடி எந்திரிச்சு வெளிய வந்துருவேன். ஒரு படத்துலயும் அந்த அடிய நான் பார்த்ததில்ல."

ஊரில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்குக் கோவம்? அதுக்கு முன்னாடி கூப்பிட்டதெல்லாம் பேரே இல்ல. இது ஒரு பூவோட பேரு."

அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி பிசைய ஆரம்பித்துவிட்டார். ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை.

நீங்கள் இந்த நாட்டுக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்ததாக எழுதினீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு என்னென்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று உங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. மேடையில் நிற்கிறவனுக்குச் சிரிப்புதான் காதில் விழும். எழுந்து போகிறவனுடைய காலடி விழாது.

எர்மீலோ உங்களுக்கு என்று ஒரு பை ரொட்டி கொடுத்திருக்கிறார். தபாலில் காய்ந்துவிடும், காப்பியில் நனைத்துச் சாப்பிடுங்கள்.

எவுலாலியா

* * *

மெக்சிகோ நகரம்
2 மே 2011

கொமாத்ரே,

ரொட்டி கல்லாக வந்து சேர்ந்தது. நனைத்து நனைத்து நாலு நாள் சாப்பிட்டேன். லிசாந்த்ரோவுக்குப் பாதி கொடுத்தேன், யார் அனுப்பியது என்று சொன்னேன். அடி விழுவதற்கு முன்னால் எழுந்து போவாராம் என்றேன். அவன் ரொட்டியைக் காப்பியில் முக்கினான். "நான் நெஜமா அடிச்சதில்லடா, சவுண்டு பின்னாடிதான் சேர்த்தாங்க" என்றான். அது எனக்குத் தெரியாதா? என் கன்னம் அல்லவா.

வருகிறேன்.

நிபந்தனைகள். புல்லாங்குழல் கூடாது. கைக்குட்டை, எந்த நிறமானாலும் கூடாது. கட்டிலில் படுக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் அவரைப் பற்றி ஒருவரும் ஜோக்கடிக்கக் கூடாது. அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

ஒரு சிக்கலும் இருக்கிறது. சித்லாலி தொலைபேசியில் சொன்னாள், "தாத்தா, நீங்க சாதாரணமா எப்படி நடப்பீங்களோ அப்படி நடந்தாப் போதும்." இதைவிடக் கடினமான வேடத்தை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நான் சாதாரணமாக எப்படி நடப்பேன்? நினைவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நீள வராந்தாவில் நடந்து பார்க்கிறேன். லிசாந்த்ரோ வராந்தாக் கோடியில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு நீதிபதி மாதிரி பார்க்கிறான். ஒவ்வொரு தடவையும் ஒரே தீர்ப்பு: "அதேதான்டா வருது." வேண்டுமென்றே செய்யவில்லை, கொமாத்ரே. இடுப்பு தானாகப் போகிறது. பக்கவாட்டில் கண்ணாடி இருந்தது, அதைத் துணி போட்டு மூடச் சொல்லிவிட்டேன்.

அன்செல்மோவோடு கடைக்கு நடந்தபோது நான் எப்படி நடந்தேன்? அவனைக் கேட்டால் சொல்லியிருப்பான். அவனுக்கு வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தெரியும்.

பிலெமோன்

* * *

அல்வராதோ, என் வீட்டிலிருந்து உங்கள் விடுதி அறைக்கு
14 ஜூன் 2011

கொம்பாத்ரே,

இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆளுக்குக் கடிதம் எழுதவைத்துவிட்டீர்கள். கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. உள்ளே ரேடியோ பாடுகிறது, ஆகையால் உயிரோடு இருக்கிறீர்கள். இதை எர்மீலோ ரொட்டிப் பையோடு கதவடியில் வைப்பார்.

நடந்தது நடந்துவிட்டது. நீங்கள் என் சமையலறைக்குள் பானையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தீர்கள். சத்தம் பதிவு செய்கிற அந்தப் பையன் சிரித்துவிட்டான். கேலி பண்ணிச் சிரிக்கவில்லை. அவன் தாத்தா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்த்து வளர்ந்தவன், வாய் தானாகப் போய்விட்டது. உங்கள் இடுப்பு தானாகப் போகவில்லையா, அது மாதிரி. நீங்கள் பானையை மேஜையில் வைத்துவிட்டு, "பாத்தீங்களா கொமாத்ரே" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அவன் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். சித்லாலி அவனைத் திட்டவில்லை. நாளைக் காலையில் நீங்கள் வராவிட்டால் விளக்குகளை இறக்கிவிடலாம் என்று ரெனாத்தாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கட்டிலில் படுத்திருக்கிற நம் காஸ்துலோ கோபித்துக்கொண்டிருக்கிறார். படகோட்டியை நடிகனாக்கினால் இப்படித்தான். ஒத்திகையில் சூப் என்று சொல்லி அவர் வாயில் வெந்நீரை ஊற்றினார்களாம். "நாளைக்கும் வெந்நீர்தான்னா நான் சீக்காளி மாதிரி நடிக்கமாட்டேன், நெஜமாவே எந்திரிச்சுப் போயிருவேன்" என்கிறார். அவர் பெண்டாட்டி சோலே வேறு, "எங்கிட்ட ஒரு நாளும் இவ்வளவு அடக்கமா வாயத் தொறந்ததில்ல இந்த மனுஷன், அதையாவது நான் பாக்கணும், படத்த நிறுத்தாதீங்க" என்கிறாள்.

அதனால் நாளைக்கு நிஜமான நண்டுச் சூப் வைக்கிறேன். சிவப்பு மிளகாய், எபசோத்தே கீரை, எல்லாம் போட்டு. ஒரு ஆளுக்கு வைக்க எனக்குத் தெரியாது, நிறையத்தான் இருக்கும். நீங்கள் நடிக்க வராவிட்டாலும் சாப்பிடவாவது வாருங்கள்.

லாலா

* * *

மெக்சிகோ நகரம்
8 ஜூலை 2011

கொமாத்ரே,

வந்து சேர்ந்துவிட்டேன். வந்ததிலிருந்து உங்களுக்கு எழுதவேண்டும் என்று உட்காருகிறேன், கதவடியில் கிடந்த உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் திரும்பி வந்த அந்தக் காலைப் பொழுதைச் சொல்ல ஆரம்பித்தால் கை நின்றுவிடுகிறது. நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள், பார்க்கவில்லை. அதனால் நான்தான் சொல்லவேண்டும்.

பானையை விளிம்புவரை ஊற்றியிருந்தீர்கள். அதை என்னிடம் கொடுத்தபோது, "ஐயோ, கொறச்சு ஊத்தியிருக்கலாம், பழக்கதோஷம்" என்று நீங்களே சொன்னீர்கள். முந்தின நாள் கொடுத்தது காலிப் பானை. இது கனத்தது, சுட்டது. கொதித்துக்கொண்டிருந்த சிவப்பு, ஒரு விரல் அசைந்தால் வழியும். எனக்குப் போட்டிருந்ததோ வெள்ளை குவயாபேரா சட்டை. உங்கள் பேத்தி, "தாத்தா, தயாரா?" என்றாள். நான் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பிலிருந்து கட்டில்வரை எவ்வளவு தூரம், ஒரு அறைதானே. அந்த அறை முழுக்க என் கண் பானையில்தான் இருந்தது. கேமராவை மறந்தேன். சத்தம் பிடிக்கிற பையனை மறந்தேன். சிந்தக்கூடாது, அவனுக்குப் பசி, சிந்தக்கூடாது, இதுதான் தலைக்குள் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தபிறகுதான் மூச்சு விட்டேன். சித்லாலி நிறுத்தச் சொல்லவில்லை. ரெனாத்தா கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொரு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் நடந்திருக்கிறேன்.

அப்படித்தான் நான் நடப்பேன் போலிருக்கிறது. அன்செல்மோ முதுகு ஒடிந்து படுத்திருந்த வருஷம் இப்படித்தான் நடந்தேன்.

அதற்கப்புறம் கரண்டியை ஊதினேன். உதட்டில் வைத்துப் பார்த்தேன். காஸ்துலோவின் வாயில் வைத்தேன். அந்த மனுஷன் உப்பு சரியில்லை என்று முணுமுணுத்தார், அது கதையில் இல்லாத வசனம். நானும் கதையில் இல்லாத பதில் சொன்னேன்: "தின்னு, மொனகாத." அதை அன்செல்மோவிடம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சித்லாலி இரண்டையும் வெட்டாமல் வைத்துக்கொள்ளப் போகிறாளாம்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் காலத்து இயக்குநர்கள், "இன்னும் கொஞ்சம் கொழைஞ்சு வாடா" என்று நாற்காலியிலிருந்து கத்துவார்கள். இவள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் வந்து, காதில் சொல்லிவிட்டுப் போகிறாள். சொன்னதும் பெரும்பாலும், "அவசரமில்ல தாத்தா" என்பதுதான். இவ்வளவு நாள் நடித்ததில் எனக்கு அவசரமில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. நீங்கள் பெருமைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. நானும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்கிறேன், அவள் அம்மாவைத் தொட்டிக்கு மேலே பிடித்திருந்தவன் என்ற முறையில்.

ஆனால் அக்டோபரில் அல்வராதோவில் படத்தைப் போட்டுக்காட்டும்போது நான் வரமாட்டேன். அறைக்குள் ஐந்து பேர் சிரிக்கவில்லை, சரி. ஊர் சிரிக்கும். திரையில் என் தலை தெரிந்ததும் சிரிக்கும். இந்தத் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் முடியாது. என்ன நடந்தது என்று நீங்கள் எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

பிலெமோன்

* * *

அல்வராதோ
31 அக்டோபர் 2011

கொம்பாத்ரே,

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை போடவேண்டியது. வடக்குக் காற்று பிடித்துக்கொண்டது. ஐஸ் பேக்டரிச் சுவரில் கட்டிய திரைத்துணி பாய்மரம் மாதிரி அடித்துக்கொண்டு பறந்துவிட்டது. காஸ்துலோதான் அதைத் துரத்திப்போய்ப் பிடித்தார். நேற்று ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கி, பொழுது சாய்ந்ததும் போட்டோம். மீனவர் சங்க முற்றம் நிரம்பிவிட்டது. நாற்காலி கொண்டுவந்தவர்கள் நாற்காலியில், மற்றவர்கள் மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு. படத்தில் காஸ்துலோ இருக்கிறார் என்பதற்காகவே பாதி ஊர் வந்தது. சோலே புதுச் சட்டை.

நீங்கள் சொன்னது சரிதான். சிரித்தார்கள்.

திரையில் உங்கள் முகம் வந்ததும் யாரோ, "டேய், கிளவெலீத்தோடா" என்றான். முற்றம் முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. பழைய சினேகிதனைப் பார்த்த சிரிப்பு என்றுதான் எனக்குப் பட்டது, ஆனாலும் சிரிப்புதான். சித்லாலி என் பக்கத்தில் கல்லாகிவிட்டாள். நீங்கள் பானையைத் தூக்கினீர்கள். இன்னும் சிரிக்கிறார்கள். நடக்க ஆரம்பித்தீர்கள். ஜனங்கள் அந்த இடுப்புக்காகக் காத்திருக்கிறார்கள், எனக்குத் தெரிகிறது. இடுப்பு வரவில்லை. பானைதான் வருகிறது. சிவப்பு விளிம்பில் ஆடுகிறது. சிரிப்பு இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று நின்றுவிட்டது. நண்டுச் சூப் என்றால் என்ன என்று தெரிந்த ஊர் இது, கொம்பாத்ரே. வெள்ளைச் சட்டையில் அது விழுந்தால் போகாது என்றும் எல்லாருக்கும் தெரியும்.

பாதி வழியில் உங்கள் கை ஒரு நூல் அசைந்தது. அப்போது மீன்பெட்டி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது யார் என்று சொல்ல மாட்டேன். இந்த ஊரிலேயே வாய் அதிகமுள்ள ஆள், எர்மீலோவை அந்தப் பெயர் சொல்லி எல்லாரையும்விட அதிகம் கூப்பிட்டவன். அவன் எழுந்து நின்று கத்தினான்.

"பாத்து நடய்யா கெழவா, சிந்திரப் போவுது."

முன்னால் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது, அதை நான் எழுதவில்லை. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர், "ஆமா, மெதுவா, மெதுவா" என்றார்கள், என்னமோ திரைக்குள் உங்களுக்குக் கேட்கும் என்பது மாதிரி. நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பானையை இறக்கி வைத்தபோது முற்றம் முழுக்க ஒன்றாக மூச்சு விட்டது. நான் என் காதால் கேட்டேன்.

நீங்கள் ஊட்டினீர்கள். காஸ்துலோ உப்பு சரியில்லை என்றார். நீங்கள், தின்னு மொனகாத என்றீர்கள். அங்கே சிரித்தார்கள், நன்றாக. சோலே எல்லாரையும்விடச் சத்தமாக. ஆனால் அது வேறு சிரிப்பு. வீட்டுக்கு வீடு நடக்கிறதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அன்செல்மோ கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்.

கடைசியில் அவரைத் தூங்கவைத்துவிட்டு நீங்கள் தனியாக என் மேஜையில் உட்கார்ந்து, மிச்சச் சூப்பை ஊற்றிக்கொண்டு, தோர்த்தியாவைக் கிள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறீர்கள். ரெனாத்தா கேமராவை நகர்த்தவேயில்லை. தட்டு காலியாகிறவரை சாப்பிட்டீர்கள். இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்தீர்கள். விளக்கை அணைத்தீர்கள். அவ்வளவுதான் படம். எனக்கு வேறெதையும்விட நீங்கள் சாப்பிட்டதுதான் மனசை நிறைத்தது.

எர்மீலோவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர் வாசலுக்குப் பக்கத்தில், எழுந்து போக வசதியான இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டுக் காட்சி வந்தபோது நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார், தொப்பி கைக்கு வந்துவிட்டது. எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். எழவில்லை. ஜனங்கள் கைதட்டி, நாற்காலிகளை மடக்கிக் கிளம்பியபிறகும் அப்படியே இருந்தார். பக்கத்தில் போனேன்.

"முடிஞ்சுதா லாலா?"

"முடிஞ்சுது."

"அவர யாரும் அடிக்கலயே."

"இல்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வெறும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்லாலி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவசரமில்லை என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார், உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்: "அந்தப் பழைய படத்துலெல்லாம், நான் எந்திரிச்சுப் போனப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?"

நீங்களே எழுதுங்கள்.

லாலா

* * *

மெக்சிகோ நகரம்
9 நவம்பர் 2011

கொமாத்ரே,

உங்கள் கடிதம் இறந்தோர் நாளுக்குப் பிறகு வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இந்த இல்லத்துக் கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் இறந்தவர்களுக்குப் படம் வைத்துப் படையல் போடுவோம். அன்செல்மோவின் படத்தை எப்போதும் ஓரத்தில், விளக்குக்காரர்களோடு வைப்பேன். இந்த வருஷம் நடுவில், என் அம்மா பக்கத்தில் வைத்தேன். சாமந்திப் பூ, ஒரு பேஸ்பால், ஒரு கிண்ணம் சூப். தரை துடைக்கிற பெண் யார் இவர் என்று கேட்டாள். சொன்னேன். சூப் ஆறிவிடுமே என்றாள், மூடிவைக்க ஒரு தட்டு கொண்டுவந்தாள்.

லிசாந்த்ரோ உங்கள் கடிதத்தைத் தானே வாங்கிப் படித்தான். ரொட்டிக்காரரின் கேள்வி வந்த இடத்தில் என்னிடம் நீட்டி, "சொல்லு, நீயே சொல்லு" என்றான். பிப்ரவரியில் காந்தேலாரியா பண்டிகைக்கு வருகிறேன், நேரிலும் சொல்கிறேன். அதற்குள் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்:

மதிப்புக்குரிய எர்மீலோ, நீங்கள் எழுந்து போனபிறகு ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் பார்த்தவரைக்கும்தான் படம்.

பிலெமோன்